புழுங்கலரிசியும் கருவாடும்: பினாங்குத் தமிழர் உணவின் சமநிலை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அன்றாட உணவில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் தக்க அளவில் அமைதல் வேண்டும் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். ஒருவர் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 50 முதல் 65 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும், 25 முதல் 30 விழுக்காடு கொழுப்பிலிருந்தும், 10 முதல் 20 விழுக்காடு புரதத்திலிருந்தும் கிடைக்க வேண்டும் என மலேசியாவின் 2017ஆம் ஆண்டு ஊட்டச்சத்துப் பரிந்துரை வரையறுக்கின்றது. ஆயினும் இந்நாட்டுத் தமிழரின் தட்டில் சோறே மேலோங்கி நிற்கின்றது. இதனைச் சுட்டிக்காட்டுவோர், தமிழர் சுவைக்கு அடிமையானவர், அறிவுரை கேளாதவர் என்று எளிதாகக் கூறிவிடுகின்றனர்.

இக்கூற்று சரியானதுதானா? ஒரு சமூகத்தின் தட்டு அச்சமூகத்தின் நாவினால் மட்டும் அமைவதன்று. எந்தக் கப்பலில் எந்த அரிசி வந்தது, நாட்கூலி எவ்வளவு, அக்கூலியில் அரிசிக்குப் பின் எஞ்சியது என்ன என்பனவும் அத்தட்டை வடித்துள்ளன. பினாங்குத் தமிழரின் உணவை மையமாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பினாங்கு என இங்கு நாம் குறிப்பது ஜார்ஜ்டவுன் நகரைக் கொண்ட தீவையும், அதற்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த செபராங் பிறையையும் ஆகும். தீவு 1786இலும், அன்று வெல்லஸ்லி மாநிலம் எனப்பட்ட செபராங் பிறை 1800இலும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன.

சான்றுகளின் இயல்பு

முனைவர் பட்ட ஆய்வுக்காக அயலகத்தில் தங்கிக் குடியேற்ற ஆட்சிக்கால அறிக்கைகளைப் பயின்றபோது ஒன்றை நாம் கவனித்தோம். தமிழர் என்ன உண்டனர் என்னும் செய்தி அவ்வறிக்கைகளில் இரண்டு இடங்களில்தான் பெரிதும் கிடைக்கின்றது. ஒன்று, கூலியைக் கணக்கிடும் இடம். மற்றொன்று, நோயைக் கணக்கிடும் இடம். உண்டவரின் விருப்பும் வெறுப்பும் அங்கு இல்லை. சமைத்த பெண்களின் குரலும் இல்லை. அவற்றைக் குடும்ப நினைவுகளிலிருந்தே நாம் பெற வேண்டியுள்ளது. எனவே இவ்வரலாற்றை எழுதும்போது, கணக்கேட்டில் உள்ளதை முழு வாழ்க்கையாகக் கொள்ளாதிருத்தல் முதல் எச்சரிக்கையாகும்.

கூழிலிருந்து சோற்றுக்கு

1840களிலிருந்து வெல்லஸ்லி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு நிலங்கள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938இல் இந்திய அரசின் தடையினால் முடிவுற்றது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்களுக்குப் பினாங்கே மலாயாவின் முதல் வாயில். தொழிலாளர் ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடைக் காவலில் வைக்கப்பட்டு, அதன் பின்னரே கரையேறினர்.

இவர்களுள் பலர் திருச்சிராப்பள்ளி, சேலம், வடஆர்க்காடு போன்ற மாவட்டங்களின் வறண்ட ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவ்வூர்களில் கேழ்வரகும் கம்பும் சோளமுமே அன்றாட உணவு. நெல்லுச்சோறு பலருக்குத் திருநாள் உணவாகவே இருந்தது. மலாயாவிலோ தோட்டத்தில் கிடைத்தது அரிசி. நாள்தோறும் அரிசிச் சோறு உண்பது ஒருவகையில் வாழ்க்கை உயர்ந்ததற்கு அடையாளமாயிற்று. ஊருக்குத் திரும்பியவர் பெருமையுடன் சொல்லத்தக்க செய்தியுமாயிற்று.

இம்மாற்றத்தால் நேர்ந்த இழப்பு உடனே தெரியவில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உள்ளது. அரிசியிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் கேழ்வரகிலுள்ள சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேற்பட்டது; அரிசியில் அது மிகச் சொற்பம். கேழ்வரகின் நார்ச்சத்தும் அதிகம். ஊரில் பலவகைத் தானியங்கள் பங்கிட்டு நிரப்பிய கலயத்தை இங்கு ஒரே தானியம் நிரப்பியது. சோற்றின்மீது தமிழர் கொண்டுள்ள பற்றைத் தொன்மையான பண்பாடு என்று மட்டும் கூறுவது இதனால் பொருந்தாது. அப்பற்றின் ஒரு பகுதி, நீண்ட காலம் சோறு கிட்டாதிருந்தவர்களுக்கு அது கிட்டியதால் விளைந்ததாகும்.

புழுங்கலரிசி காத்த உயிர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இறுதியில் இதயம் தளர்ந்து இறப்பு நேரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரே பெரும்பான்மையாக இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுக்கு அருகிலேயே வாழ்ந்த தமிழர் பெரும்பாலும் இதற்கு ஆட்படவில்லை.

நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த மருத்துவர் லியோனார்ட் பிராடன் இவ்வேறுபாட்டுக்கு அரிசியே காரணம் எனக் கண்டு, 1907இல் நூலொன்றை வெளியிட்டார். சீனர் உண்டது ஆலையில் நன்கு தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் அளித்து ஆராய்ந்தார். 1907இல் வெளியான அவருடைய முடிவின்படி, வெள்ளை அரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் எவரும் இறக்கவில்லை. பின்னர் ஹென்றி ஃபிரேசர், தாமஸ் ஸ்டேன்டன் ஆகிய இருவரும் சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடையே இதனை உறுதிப்படுத்தி, தீட்டும்போது நீக்கப்படும் தவிட்டிலேயே காக்கும் பொருள் உள்ளது என நிறுவினர். நோயாளிகளும் கூலிகளுமே இச்சோதனைகளுக்கு உள்ளாயினர் என்பதையும் வரலாறு மறத்தலாகாது.

அக்காக்கும் பொருள் தயமின் என்னும் உயிர்ச்சத்து ஆகும். 1926இல் சாவகத் தீவின் பத்தேவியாவில் அது தனித்துப் பிரித்தெடுக்கப்பட்டது. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தும்போது தவிட்டிலுள்ள தயமினின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் அது முழுதும் நீங்குவதில்லை. பாட்டியர் நெல் அவித்தபோது தயமினை அறிந்திருக்கவில்லை. நெல் எளிதில் குத்துப்பட வேண்டும், அரிசி நொறுங்காதிருக்க வேண்டும், நீண்ட நாள் கெடாதிருக்க வேண்டும் என்பனவே அவர்தம் நோக்கங்கள். ஆயினும் அப்பழக்கம் கடல்கடந்த மண்ணில் உயிர் காத்தது.

சமநிலை பற்றிய நம் ஆய்வுக்கு இந்நிகழ்ச்சி அளிக்கும் பாடம் இன்னொன்றும் உண்டு. உடல் மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்குவதற்குத் தயமின் இன்றியமையாதது. உணவில் மாவுச்சத்தின் பங்கு கூடும் அளவுக்குத் தயமினின் தேவையும் கூடுகின்றது. தீட்டிய அரிசியையே வயிறு நிறைய உண்டவர், தேவையைப் பெருக்கிக்கொண்டே வரவைக் குறைத்தவராயினர். பெரிபெரி ஓர் உயிர்ச்சத்துக் குறைநோய் என்பது உண்மையே. எனினும் தட்டு ஒரே பொருளால் நிரம்பியதே அதற்கு வழிவகுத்தது.

கூலியும் கறியும்

புழுங்கலரிசி தமிழரைப் பெரிபெரியிலிருந்து காத்ததேயன்றி, புரதக் குறையிலிருந்தோ கொழுப்புக் குறையிலிருந்தோ காக்கவில்லை. இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். கடின உழைப்பாளி ஒருவர் நாளொன்றுக்கு 600 கிராம் அரிசி உண்பதாகக் கொள்வோம். அதிலிருந்து ஏறத்தாழ 2,070 கலோரி கிடைக்கும். அதில் மாவுச்சத்தின் பங்கு 90 விழுக்காடு. புரதம் 40 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கொழுப்போ 4 கிராம் கூட இல்லை. 50 கிராம் துவரம்பருப்பைச் சேர்த்தால் புரதம் 50 கிராமை எட்டும். அளவு மட்டுமன்றித் தரமும் உயரும். அரிசிப் புரதத்தில் குறைவான லைசின் பருப்பில் மிகுதியாக உண்டு; பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒரு துண்டுக் கருவாடு சேர்ந்தால் உணவு மேலும் செப்பமாகும். தோட்டப்புறத் தட்டில் சோறும் பருப்பும் கருவாடும் ஒன்றாக அமைந்ததன் பயன் இதுவே.

ஆனால் அப்பருப்பும் கருவாடும் கூலியைப் பொறுத்தே வந்தன. 1920களின் பிற்பகுதியில் வாய்ப்பான தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வரையறுக்கப்பட்டிருந்தது. 1930இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் அது வெட்டப்பட்டது. 1937இல் வெளிவந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை, பழைய கூலியை மீண்டும் வழங்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கூலி குறையும்போது ஒரு குடும்பம் எதனைக் குறைக்கும்? அரிசியைக் குறைத்தால் மறுநாள் காலை உழைக்க இயலாது. எனவே எண்ணெயும் பருப்பும் மீனும் பாலுமே முதலில் குறையும். கூலிவெட்டு என்பது தட்டளவில் புரதவெட்டும் கொழுப்புவெட்டும் ஆகும். அதிலும் ஆணுக்கு முதலிலும் பெண்ணுக்கு இறுதியிலும் பரிமாறும் வழக்கம் இருந்தமையால், அவ்வெட்டு தாயின் தட்டிலேயே மிகுதியாக விழுந்தது. குடியிருப்பைச் சூழ்ந்து பசுவும் கோழியும் வளர்த்து, முருங்கையும் கீரையும் பயிரிட்ட குடும்பங்கள் இவ்வெட்டை ஓரளவு தாங்கின.

இதே காலத்தில் தமிழகத்துக் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நிகழ்த்திய ஆய்வு இங்கு ஒப்பிடத்தக்கது. 1920களில் அவர் இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு அளித்து அவற்றின் வளர்ச்சியை அளந்தார். கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை சராசரியாக 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசி மேலோங்கிய சென்னை மாகாண உணவை உண்டவை 155 கிராமே பெற்றன. அனைத்திலும் அதுவே கடைநிலை. எலியின் எடையை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதை அவ்வாய்வு தெளிவாக்கியது.

மரவள்ளிக் காலம்

1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுன்மீது குண்டுகள் வீழ்ந்தன. அம்மாதமே பினாங்கு ஜப்பானியர் வசமாயிற்று. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கை வெளிநாட்டிலிருந்து பெற்றது. கப்பல் நின்றதும் சோறும் நின்றது. அதன் இடத்தில் மரவள்ளிக்கிழங்கு வந்தது. நம் பாட்டியர் தலைமுறையினர் ஜப்பானியர் காலம் என்றவுடன் முதலில் சொல்லும் சொல் மரவள்ளி என்பதே.

முன்னர்க் கூறிய 2,070 கலோரியை மரவள்ளியிலிருந்து பெற ஏறத்தாழ 1,300 கிராம் கிழங்கு உண்ண வேண்டும். அதனைத் தேடி உண்டாலும் கிடைக்கும் புரதம் 20 கிராமுக்கும் குறைவு. அரிசி தந்ததில் பாதிகூட இல்லை. சமநிலை இல்லாதது எனக் குறைகூறப்படும் சோற்றுணவும் கிழங்குணவோடு ஒப்பிட்டால் எவ்வளவு மேலானது என்பதை இதனால் அறியலாம். சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழரோ தரம் குறைந்த அரிசியோடும் சொற்பக் காய்கறியோடும் விடப்பட்டனர். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றுடன், பெரிபெரியும் அங்கு உயிர்களைக் கவர்ந்தது. ஒரு தலைமுறைக்கு முன் தமிழரைத் தொடாதிருந்த நோய், பழக்கமான அரிசியும் பருப்பும் பறிக்கப்பட்டதும் அவர்களையும் பற்றிக்கொண்டது.

குழந்தைகளின் புரதக்குறை நோயான குவாசியோர்கரை 1930களில் மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்த சிசிலி வில்லியம்ஸ், 1936இல் மலாயாவுக்கு வந்து பணியாற்றியவர். போர்க்காலத்தில் சாங்கிச் சிறையில் அடைபட்டவர். 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில், தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கெட்டிப்பால் புகட்டுவதை அவர் கொலைக்கு ஒப்பாகக் கண்டித்தார். சர்க்கரை மிகுந்து புரதம் குறைந்த அக்கெட்டிப்பால் பின்னாளில் நம் தேநீர்க் குவளைகளில் நிலைபெற்றது என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளலாம்.

காவுதடிச் சோறு

தோட்டத்துத் தட்டிலிருந்து வேறுபட்ட தட்டு ஒன்று ஜார்ஜ்டவுன் நகரில் உருவாயிற்று. அது தமிழ் முஸ்லிம் வணிகர் வழங்கிய நாசி கண்டார் ஆகும். கண்டார் என்னும் மலாய்ச் சொல் தோளில் தடியிட்டுச் சுமப்பதைக் குறிக்கும். தடியின் ஒரு முனையில் சோற்றுக் கூடையும் மறுமுனையில் கறிச் சட்டிகளுமாகத் துறைமுகத் தொழிலாளரைத் தேடிச் சென்று விற்றனர். கேம்பல் சாலையின் ஹமீதியா உணவகம் தன் தொடக்கத்தை 1907ஆம் ஆண்டு எனக் கூறுகின்றது.

மூட்டை சுமந்த தொழிலாளிக்கு இது தக்க உணவாகவே இருந்தது. சோற்றின் மாவுச்சத்து உழைப்புக்கு எரிபொருளாயிற்று. மீனும் முட்டையும் இறைச்சியும் புரதம் தந்தன. எண்ணெயும் தேங்காயும் கொழுப்பு தந்தன. தோட்டத் தொழிலாளிக்குக் கிட்டாத இரண்டும் நகரத் தொழிலாளியின் தட்டில் ஓரளவு இடம்பெற்றன. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகின்றது. நாள் முழுதும் சுமப்பவருக்கு அது வரம். இன்று பல்வகைக் குழம்புகளை வெள்ளமெனச் சோற்றின்மீது ஊற்றச்சொல்லி உண்பவருள் பெரும்பாலோர் அலுவலக நாற்காலிக்குத் திரும்புபவர்கள். உண்பவரின் உழைப்பு மாறியது, தட்டு மாறவில்லை.

நிறைவுக் காலத்தின் நோய்

2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவருள் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்தது எனினும் அச்சுமை சிறிதன்று.

இதற்கு உணவு மட்டுமே காரணமன்று. தெற்காசிய உடலமைப்பில் தசை குறைந்தும் வயிற்றுக் கொழுப்பு மிகுந்தும் இருக்கும் போக்கு அறியப்பட்டுள்ளது. தாயின் கருவில் ஊட்டம் குறைந்து பிறந்த குழந்தை பிற்காலத்தில் மிகுந்த உணவைப் பெறும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகலாம் எனப் புனே நகர ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக் முதலியோர் கருதுகின்றனர். இக்கருத்து பொருந்துமாயின், 1930களின் கூலிவெட்டும் 1940களின் மரவள்ளியும் அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை எனலாம். இறுதியாகப் பரிமாறப்பட்ட தாயின் பசி, பேரப்பிள்ளையின் இரத்தத்தில் சர்க்கரையாகத் தொடர வாய்ப்புண்டு. இதனை உறுதியான முடிவாக நாம் கூறவில்லை. வரலாற்றாசிரியரும் மருத்துவரும் கூடி ஆராய வேண்டிய வினாவாகவே முன்வைக்கின்றோம்.

இவ்வகையில் பினாங்கு மண்ணிலிருந்தே ஒரு விழிப்புக் குரலும் எழுந்தது. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சர்க்கரைக்கும் ஆலையில் பதப்படுத்திய உணவுக்கும் எதிராக நான்கு மொழிகளில் பரப்புரை செய்துவந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. 2019இல் மறையும்வரை அதனை வழிநடத்தியவர் எஸ். எம். முகமது இத்ரீஸ். ஒரு காலத்தில் தமிழர் கரும்பு வெட்டிய நிலத்துக்கு எதிர்க்கரையிலிருந்தே இக்குரல் ஒலித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவாகும். பினாங்குத் தமிழரின் தட்டில் சோறு மேலோங்கியது அறியாமையினால் அன்று. கப்பல் கொண்டுவந்தது சோறு. கூலிக்குக் கட்டுப்பட்டது சோறு. கடின உழைப்புக்கு ஈடுகொடுத்ததும் சோறு. அத்தட்டை அமைத்த காரணங்கள் மறைந்த பின்னும் தட்டு மட்டும் எஞ்சியுள்ளது.

ஆகவே இன்றைய அறிவுரை தமிழரைப் பழித்துத் தொடங்க வேண்டியதில்லை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கனி என்று நாட்டின் சுகாதாரத் துறை கூறும் அளவு நமக்கு அந்நியமானதன்று. கேழ்வரகும் பருப்பும் கீரையும் புழுங்கலரிசியும் நம் முன்னோர் அறிந்தவையே. குறைக்க வேண்டியது சோற்றின் அளவையும் கெட்டிப்பாலையும் எண்ணெயையும். கூட்ட வேண்டியது வறுமை நம் தட்டிலிருந்து பறித்த புரதத்தையும் காய்கறியையும்.

இவ்வரலாற்றை வகுப்பில் எடுத்துரைக்கும்போதெல்லாம், தத்தம் வீட்டு முதியோரிடம் அவர்கள் இளமையில் உண்டதைக் கேட்டு எழுதிவருமாறு மாணவரைப் பணிப்பது நம் வழக்கம். மரவள்ளியின் நினைவோடு வாழும் தலைமுறை விரைந்து குறைந்துவருகின்றது. கணக்கேடுகள் சொல்லாதவற்றை அவர்களால் மட்டுமே சொல்ல இயலும். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவற்றைத் திரட்டி வைப்பது ஆய்வுலகின் கடமையாகும்.